நாள் முழுக்க நின்றால் கால் ஊதாவாகிறது, தலை சுற்றுகிறது: ஸ்டாக்கிங்ஸ் போட்டவர்கள் சொல்லுங்களேன்

மல்லிகைச்சரம் (கேள்வி)

வணக்கம். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் வேலை. வயது 31, சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பது வரை நிற்பதுதான், நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. முன்பெல்லாம் கால் வலியோடு போய்விடும். போன ஐப்பசியில் டெங்கு வந்து எழுந்ததிலிருந்து கதையே வேறு.

ஆச்சரியம் என்னவென்றால் கூட்டம் நெரிகிற நேரத்தில் ஓரளவு சமாளித்துவிடுகிறேன். ஈ ஓட்டுகிற மத்தியான வேளையில், கவுண்டருக்குப் பின்னால் சும்மா நிற்கும்போதுதான் மோசம். பாதம் சிவப்பும் ஊதாவுமாகத் திட்டுத்திட்டாக மாறுகிறது, கொலுசு பதிந்து தடம் விழுகிறது, நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்தால் பத்து நிமிஷத்தில் நிறம் பழையபடி வந்துவிடும். ஒரு நாள் மாம்பலம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவள் அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன், பூக்கார அம்மா ஒருவர்தான் தண்ணீர் கொடுத்து எழுப்பினார்.

டாக்டரிடம் போனேன். ஹீமோகுளோபின் 12.4, தைராய்டு சரி, ஈசிஜி சரி. படுத்திருக்கும்போது நாடித்துடிப்பு 76, பத்து நிமிஷம் நிற்க வைத்துப் பார்த்தால் 114. பிபி இறங்கவில்லை. ரத்தம் காலில் தேங்குகிறது, காலை இறுக்கிப் பிடிக்கிற ஸ்டாக்கிங்ஸ் போடுங்கள் என்று சீட்டில் "கிளாஸ் 2" என்று எழுதிக் கொடுத்தார், நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இப்போது என் சந்தேகம். பெரியம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளை ஸ்டாக்கிங்ஸ் வீட்டில் சும்மா கிடக்கிறது, அதையே போட்டுக்கொள்ளலாமா? முழங்கால் வரையா, தொடை வரையா, இடுப்பு வரையா என்று சீட்டில் இல்லை. மெட்டி போட்டிருக்கிறேன், அது மாட்டாதா? எல்லாவற்றுக்கும் மேலே, சித்திரை வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு மனுஷி இருக்க முடியுமா?

---

வியர்வைநகரம்

முடியாது. அனுபவத்தில் சொல்கிறேன். ஆன்லைனில் தொடை வரைக்கும் வரும் ஜோடி ஒன்று வாங்கினேன், சைஸ் "எல்" என்று குத்துமதிப்பாகப் போட்டேன். மேலே சிலிக்கான் பட்டை ஒன்று இருக்கும், வழுக்காமல் பிடிக்க. மே மாதம், அம்பத்தூர் எஸ்டேட், மேலே தகரக் கூரை. வியர்வையில் பட்டை நழுவி நழுவி முழங்காலுக்கு வந்து சுருண்டு, சாயங்காலம் பார்த்தால் அந்த இடத்தில் கயிறு கட்டினாற்போல் தடம், அதற்குக் கீழே கால் முன்னைவிட அதிகமாக வீங்கியிருக்கிறது. சுற்றிலும் வேர்க்குரு வேறு. நாலே நாள், தூக்கிப் போட்டுவிட்டேன். காசுக்குக் கேடு, சகோதரி.

---

நைட்டூட்டி

மேலே எழுதிய அண்ணன் கோபப்படக்கூடாது, அவருக்கு நடந்தது ஸ்டாக்கிங்ஸின் குற்றமில்லை, அளவெடுக்காமல் வாங்கியதும் சுருண்டதை அப்படியே விட்டதும்தான். சுருண்ட துணி ரப்பர் பேண்ட் மாதிரி ரத்தத்தை மேலே போகவிடாமல் அடைத்துவிடும். வார்டில் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: மேல் ஓரத்தை மடித்துவிடாதீர்கள், சுருக்கம் இருந்தால் நீவி விடுங்கள்.

மல்லிகைச்சரம், உங்கள் பெரியம்மாவின் வெள்ளை ஸ்டாக்கிங்ஸை விட்டுவிடுங்கள். அது படுக்கையில் இருக்கிற நோயாளிக்கு ரத்தக்கட்டி வராமல் இருக்கப் போடுவது, அழுத்தம் குறைவு. எழுந்து நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு அது போதாது, போதாததற்கு அவர் காலின் அளவு வேறு, உங்கள் காலின் அளவு வேறு.

உங்களுக்கு எழுதியது கணுக்காலில் அதிக இறுக்கம், மேலே போகப் போகக் குறையும்படி நெய்த வகை. பெட்டியில் எம்எம்எச்ஜி என்று ஒரு எண் இருக்கும், பிபி பார்க்கிற அதே பாதரச மில்லிமீட்டர் கணக்குதான். கிளாஸ் 2 என்பதை ஒரு கம்பெனி 20-30 என்று போடும், ஜெர்மன் முறையைப் பின்பற்றுகிற இன்னொரு கம்பெனி 23-32 என்று போடும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று 15-20 ஒன்றை நீட்டினால் வாங்காதீர்கள், எண்ணைப் படித்து வாங்குங்கள்.

அளவு காலையில் எழுந்ததும் எடுக்கவேண்டும், வீக்கம் இறங்கின காலில். கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே மிக ஒல்லியான இடம், கெண்டைக்காலில் மிகப் பருத்த இடம், குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம், இந்த மூன்றும் இரண்டு காலுக்கும் தனித்தனியாக. தையல்காரர் டேப் போதும். சாயங்காலம் கடை முடிந்து போகிற வழியில் அளவு கொடுத்தால் ஒரு சைஸ் பெரியதாக வந்துவிடும், மறுநாள் காலை தொளதொளவென்று இருக்கும். பாரிமுனைப் பக்கம் சர்ஜிக்கல் சாமான் விற்கிற கடைகளில் டேப்பைக் கையில் எடுக்காமல் பெட்டியை எடுத்து வருகிறவர் இருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

மெட்டிக்கு விரல் திறந்த வகை வாங்கலாம், ஆனால் ஏற்றும்போது கழற்றித்தான் ஆகவேண்டும், மெட்டியின் முனை நூலை இழுத்தால் அந்த இடத்தில் ஓட்டை ஓடிவிடும். கொலுசுக்கும் இதே சட்டம். உள்ளே கொலுசை வைத்துக்கொண்டு மேலே ஸ்டாக்கிங்ஸ் ஏற்றி, கொலுசின் ஒவ்வொரு மணியும் தோலில் அச்சாகி வந்த ஒரு அம்மாவைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. சர்க்கரைக்காரர்கள், பீடி சிகரெட் பிடிப்பவர்கள், நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுத்து நின்றால் சரியாகிறது என்பவர்கள், இவர்கள் இதைப் படித்துவிட்டு நேராகக் கடைக்குப் போய்விடாதீர்கள். காலுக்கு ரத்தம் இறங்குகிற தமனியே அடைத்திருந்தால் மேலிருந்து இறுக்குவது ஆபத்து. கணுக்காலில் பிபி பார்த்து அதைக் கையின் பிபியால் வகுப்பார்கள், 0.9-க்குக் கீழே வந்தால் டாக்டர் சொல்லாமல் ஸ்டாக்கிங்ஸ் பக்கம் போகக்கூடாது. அப்புறம், ஒரே ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது வேறு விஷயம், ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

---

விசில்வாத்தியார்

அம்மா மல்லிகை, நான் முப்பத்தோரு வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். நீ சொல்கிற "சும்மா நின்றால்தான் மோசம்" என்பதை நான் வருஷா வருஷம் மைதானத்தில் பார்த்திருக்கிறேன். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்ற வரவேண்டிய பெரிய மனிதர் முக்கால் மணி லேட்டாக வருவார், அட்டென்ஷனில் நிற்கிற என்சிசி பையன்களில் ஒருவன் மரம் சாய்கிற மாதிரி சாய்வான். காலையில் சாப்பிடவில்லையா என்று எல்லோரும் அவனைத்தான் திட்டுவார்கள். அதே பையன் அன்று மத்தியானம் நாலு ரவுண்டு ஓடுவான், ஒன்றும் ஆகாது.

காரணம் கெண்டைக்கால். நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. அதை மேலே ஏற்றக் காலில் தனி இதயம் கிடையாது, ஆடுசதை சுருங்கும்போது நடுவில் இருக்கிற சிரைகளைப் பிழிந்து ஏற்றுகிறது, உள்ளே இருக்கிற வால்வு திரும்ப இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. (நாம் எல்லாவற்றையும் "நரம்பு" என்று சொல்லிப் பழகிவிட்டோம், நரம்பு சுருட்டிக்கொண்டது என்கிறோம், சுருட்டுவது சிரை.) சதை அசையாவிட்டால் பிழிவதற்கு ஆள் இல்லை. அதனால் பையன்களுக்கு ரகசியமாகச் சொல்லி வைப்பேன், ஷூவுக்குள்ளே விரலை மடக்கி நீட்டுடா, குதிகாலை ஒரு நூல் தூக்கி இறக்குடா, எவனுக்கும் தெரியாது என்று. உனக்கும் அதையே சொல்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் உன் காலை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஊருக்கு உபதேசம் சொன்னவன் என் காலைக் கவனிக்கவில்லை. ஐம்பது வயதில் முடிச்சு முடிச்சாகப் புடைத்தது, அப்புறம் இடது கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் தோல் காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போனது, அரித்தது, சொறிந்தேன், புண்ணாகி எட்டு மாசம் ஆறவில்லை. மஞ்சள், வேப்பிலை, தெரிந்த கம்பவுண்டர் கொடுத்த ஆயின்மெண்ட் எல்லாம் ஆயிற்று. கடைசியில் சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாளத்துக்கென்றே இருக்கிற பிரிவில் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். வால்வு போய்விட்டது, ரத்தம் தேங்கித் தேங்கித்தான் தோல் அழுகிறது என்றார்கள். இறுக்கமாகக் கட்டுப் போட்டபிறகே புண் மூடியது. அன்றிலிருந்து ஸ்டாக்கிங்ஸ் இல்லாமல் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. இறங்கி நின்றால் ரத்தமும் இறங்கிவிடும், அதற்கப்புறம் ஏற்றுவது வீங்கின காலுக்குத்தான்.

ஏற்றுகிற முறை: முழுச் சாக்ஸையும் குதிகால் வரை உள்வெளியாகத் திருப்பு, பாதத்தை நுழை, குதிகால் சரியாகக் குதிகாலில் உட்கார்ந்ததா பார், அப்புறம் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீவி ஏற்று. மேல் ஓரத்தைப் பிடித்து இழுக்கக்கூடாது. பாத்திரம் தேய்க்கப் போடுகிற ரப்பர் கையுறை இருந்தால் பாதி வேலை மிச்சம், விரல் திறந்த வகைக்கு முதலில் ஒரு கேரி பேக்கைப் பாதத்தில் மாட்டிக்கொண்டால் சாக்ஸ் வழுக்கிக்கொண்டு ஏறும், அப்புறம் முன்பக்கமாகக் கவரை உருவிவிடலாம். முதல் வாரம் எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று, வீட்டுக்காரி காப்பி ஆறுகிறது என்று நாலு தடவை கூப்பிடுவாள். இப்போது மூன்று நிமிஷம்.

காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் இருந்தால் அதை ராத்திரி கழற்றினபிறகு வைத்துக்கொள், எண்ணெய் பட்டால் எலாஸ்டிக் செத்துவிடும். கையால் அலசி நிழலில் காயப்போடு, முறுக்கிப் பிழியாதே. ஆறு மாசத்துக்குமேல் ஒரே ஜோடியை ஓட்டாதே, சுலபமாக ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டால் அதில் இறுக்கம் போய்விட்டது என்று அர்த்தம்.

---

உப்புதூக்கல்

அக்கா, 76-லிருந்து 114 என்றால் 38 ஏறியிருக்கிறது. பிபி இறங்காமல், நின்ற பத்து நிமிஷத்துக்குள் 30-க்கு மேல் ஏறி, மாசக்கணக்கில் இப்படியே இருந்தால் அதற்குப் பாட்ஸ் என்று பெயர் சொல்வார்கள். பாட்ஸா இல்லையா என்று டாக்டர்தான் சொல்லவேண்டும், அடுத்த முறை டோக்கன் கூப்பிட்டாலும் எழுந்திருக்காமல் இதைக் கேளுங்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இது ஆரம்பிப்பது உண்டு, எனக்குக் கொரோனாவுக்குப் பிறகு வந்தது. ஓஎம்ஆரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, அதனால் பிழைத்தேன், உங்களை மாதிரி நிற்கிற வேலையாக இருந்தால் என்ன ஆகியிருப்பேனோ.

நான் சொல்ல வந்தது வேறு. நைட்டூட்டி அக்கா, வாத்தியார் ஐயா இருவரும் காலைப் பற்றியே பேசுகிறார்கள், சிரை புடைக்கிற வெரிகோஸுக்கு அது சரி. தலைசுற்றலுக்கு முழங்கால் சாக்ஸ் மட்டும் பெரிதாக உதவவில்லை என்பது என் அனுபவம், டாக்டரும் அதையேதான் சொன்னார், ஏனென்றால் நின்றதும் இறங்குகிற ரத்தத்தில் நிறைய வயிற்றுக்குள்ளே, குடல் பக்கம் தேங்குகிறது. அதனால் இடுப்பு வரை வருகிற வகை நல்லது என்பார்கள். ஆனால் சென்னையில் இடுப்பு வரை போட்டுக்கொண்டு, கடையில் பத்து பேருக்கு ஒரு பாத்ரூம், அதுவும் புடவை கட்டிக்கொண்டு... நினைத்தாலே வேர்க்கிறது. முழங்கால் வரை ஸ்டாக்கிங்ஸ், அதோடு வயிற்றுக்குத் தனியாக ஒரு பெல்ட், பிரசவத்துக்குப் பிறகு போடுவார்களே அந்த மாதிரி. உட்காரும்போது தளர்த்திவிடலாம், நிற்கும்போது இறுக்கலாம். என் பாட்டி சிரித்தார், பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் பழம்புடவையைச் சுற்றிக் கட்டுவது எதற்கு என்று நினைத்தாய், உன் ஆபீசில் இப்போதுதான் கண்டுபிடித்தார்களா என்றார். அவர் எதற்காகக் கட்டினாரோ, எனக்கு வேலை செய்கிறது.

தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டரை மூன்று லிட்டர், உப்பு தூக்கலாக மோர், ஊறுகாய், வேலைக்குக் கிளம்பும் முன் அரை லிட்டர் தண்ணீர் ஒரே மூச்சில். பிபி அதிகம் உள்ளவர்கள், கிட்னி, இதயக் கோளாறு உள்ளவர்கள் இந்த உப்பு வைத்தியத்தைத் தொடவே கூடாது, எனக்கு டாக்டர் சொல்லித்தான் செய்கிறேன். கண் இருட்டும்போது காலைப் பின்னிக்கொண்டு தொடையையும் பிட்டத்தையும் இறுக்கினால் ஒரு நிமிஷம் கிடைக்கும், அதற்குள் உட்கார இடம் தேடிக்கொள்ளலாம்.

---

மல்லிகைச்சரம்

எல்லோருக்கும் நன்றி. உட்கார இடம் என்றீர்களே தம்பி, எங்கள் தளத்தில் ஒரே ஒரு ஸ்டூல் இருக்கிறது. அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லமாட்டார், சும்மா பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே யாரும் உட்காருவதில்லை.

---

விசில்வாத்தியார்

பார்க்கட்டும். 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவையே சேர்த்தார்கள், வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார வசதி வைக்கவேண்டும், சமயம் கிடைக்கும்போது உட்காரவிடவேண்டும் என்று. உன்னை மாதிரி ஜவுளிக்கடை, நகைக்கடைப் பிள்ளைகளை நினைத்துத்தான் கொண்டுவந்தார்கள். டாக்டர் சீட்டோடு போய்ப் பேசு, தனியாகப் போகாதே, இன்னும் இரண்டு பேருக்குக் கால் வலி இருக்கும், அவர்களையும் கூட்டிக்கொண்டு போ.

---

மல்லிகைச்சரம் (மூன்று வாரம் கழித்து)

சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். டாக்டரைத் திரும்பப் பார்த்தேன், பாட்ஸ் மாதிரிதான் தெரிகிறது, மூன்று மாசம் பார்ப்போம் என்றார், உப்புக்குச் சரி சொன்னார், நீளம் முழங்கால் வரை போதும், வயிற்றுக்குப் பெல்ட் போடு என்று எழுதினார். காலை ஆறரைக்கு என் பெண் டேப்பைப் பிடிக்க, நான் எழுதிக்கொள்ள, அளவு எடுத்தாயிற்று. வலது கெண்டைக்கால் இடதைவிட ஒரு சென்டிமீட்டர் பெரியது, முப்பத்தோரு வருஷமாக எனக்கே தெரியாது. விரல் திறந்த வகை இரண்டு ஜோடி, ஒன்றை அலசினால் ஒன்று. ஒரு ஜோடி 1,350 ரூபாய், கை கடிக்கத்தான் செய்தது.

முதல் நாலு நாள் வியர்வைநகரம் அண்ணனை நினைத்துக்கொண்டேன். கடைக்குள் ஏசி இருப்பதால் பரவாயில்லை, ரங்கநாதன் தெருவில் ஸ்டேஷனுக்கு நடக்கிற அந்த ஏழு நிமிஷம்தான் நரகம். வீட்டுக்கு வந்து உருவும்போது வருகிற சுகத்துக்கு ஈடு கிடையாது. பாதம் ஊதாவாவது நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் லேசாக வருகிறது. ஆனால் சாயங்காலம் மாடிப்படி ஏறும்போது முன்பு கைப்பிடிச் சுவரைப் பிடிப்பேன், இப்போது பிடிப்பதில்லை. பெல்ட் போட்ட நாளுக்கும் போடாத நாளுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது, அந்தப் பாட்டிக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

நாங்கள் நாலு பேராகப் போய் மேனேஜரிடம் பேசினோம். ஸ்டூல் இன்னும் மூன்று வந்திருக்கிறது. என்னை முகூர்த்தப் புடவைப் பக்கம் மாற்றிவிட்டார், அங்கே வெள்ளை மெத்தை விரித்து உட்கார்ந்துதான் புடவையைப் பிரித்துப் போடுவோம். இப்போது புதுச் சந்தேகம்: சம்மணம் போட்டு உட்கார்ந்தால் முழங்காலுக்குப் பின்னால் ஸ்டாக்கிங்ஸ் ஓரம் அறுக்கிறதே?

---

நைட்டூட்டி

ஓரம் முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கவேண்டும், நீங்கள் அதிகமாக இழுத்து ஏற்றியிருப்பீர்கள். நாளைக் காலையில் கணுக்காலிலிருந்து நீவி, துணியைக் கீழே பரவலாகப் பிரித்துவிட்டுப் பாருங்கள். சம்மணம் ரொம்ப நேரம் வேண்டாம், ஒவ்வொரு புடவைக்கும் காலை மாற்றி நீட்டிக்கொள்ளுங்கள், கல்யாணப் பெண்ணின் அத்தை முடிவு எடுக்கிற நேரத்துக்கு நாலு தடவை மாற்றலாம்.